பனியன் விலையில் இல்லாத இரண்டு ரூபாய்: திருப்பூர் சாயத்தொழில், ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் இன்றைக்கு எந்த ஏற்றுமதி நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தாலும் ஒரு வரி கண்ணில் படும்: சாயக் கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை. பக்கத்திலேயே காற்றாலைப் படம், மரக்கன்று நடும் படம், இரண்டு மூன்று சான்றிதழ் முத்திரைகள். அந்த வரி பெரும்பாலும் உண்மைதான். இவ்வளவு பெரிய பின்னலாடை ஊர் முழுவதற்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது உலகத்திலேயே அபூர்வம்.

அது எப்படி வந்தது என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்காது. எந்த நிறுவனமும் மனமுவந்து தொடங்கியதில்லை. எந்த வெளிநாட்டு பிராண்டும் வற்புறுத்திக் கேட்டு வாங்கியதும் இல்லை. நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருந்த ஈரோடு, கரூர் விவசாயிகள் 1990களின் நடுவிலிருந்து கோர்ட் படியேறி வாங்கியது. "பொறுப்பான ஆடைக் கொள்கை" என்று இப்போது பேசும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது: முதலில் விவசாயி, அப்புறம் நீதிமன்றம், அப்புறம் சாயப்பட்டறை முதலாளியின் கடன், கடைசியில்தான் பிராண்டின் பெருமை. இந்த வரிசையில் பணம் கட்டியவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

உப்பு

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சாயக்கழிவு என்றால் நிறத்தைத்தான் நினைப்பார்கள். ஒரு நாள் சிவப்பாக, மறுநாள் நீலமாக ஓடிய நொய்யலின் படங்கள் அந்தக் காலத்தில் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஆனால் தொழிலுக்குள் இருப்பவர்களைக் கேட்டால், நிறம் சின்னப் பிரச்சினை என்பார்கள். பெரிய பிரச்சினை உப்பு.

பருத்தித் துணிக்கு 'ரியாக்டிவ்' சாயம் ஏற்றும்போது தண்ணீரில் துணிக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம். ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் துணிப்பக்கம் துரத்துவதற்குத்தான் உப்பு. வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி, அடர் சிவப்பு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம்கூடப் போகும். சோடா போட்டுச் சாயத்தைப் பிடிக்க வைத்த பிறகு, கொட்டிய உப்பில் துளிகூடத் துணியில் நிற்பதில்லை. அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். துணியில் பிடிக்காத மிச்சச் சாயமும் கூடவே வரும். அதற்கு மேல் சோப்பு போட்டு அலசும் தண்ணீர் வேறு.

1990களின் இறுதியில் வழக்குகளின் நெருக்கடியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கசடைப் படிய வைக்கும் முறை. நிறம் ஓரளவு போனது. உப்பு அப்படியே நின்றது. தண்ணீரில் கரைந்த உப்பு சுண்ணாம்புக்குப் படியாது என்பது பள்ளிக்கூட வேதியியல். கட்டியவர்களுக்கும் தெரியும், அனுமதி கொடுத்தவர்களுக்கும் தெரியும். வெளியே விடும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயத்தொட்டியில் உப்பே 60 கிராம் என்றால், அலசும் தண்ணீரெல்லாம் கலந்த பிறகும் அந்த எல்லைக்குள் வர வழியே இல்லை. ஆக, முதல் சுற்றுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டு, வயலைக் கெடுப்பதை விட்டுவைத்தன. நல்லெண்ணத்தில் எடுத்த நடவடிக்கை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரத்துப்பாளையம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். அதில் திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையில், 1990களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் சேமிப்புக் கிடங்காகிவிட்டது. மழைக்காலம் தவிர ஆற்றில் வேறு தண்ணீர் இல்லை; வந்ததெல்லாம் பட்டறைத் தண்ணீர். தேங்கிய தண்ணீர் பக்கத்துக் கிணறுகளுக்குள் இறங்கியது. மதகைத் திறந்தால் கீழே கரூர்ப் பக்கம் கெட்டது, மூடினால் அணையைச் சுற்றி கெட்டது. திறக்காதே என்று ஒரு ஊரும் திறந்துவிடு என்று இன்னொரு ஊரும் போராடிய அணை தமிழ்நாட்டில் வேறு உண்டா தெரியவில்லை.

நெல்லும் மஞ்சளும் வராமல் போயின. தென்னையில் குலை சுருங்கியது. இளநீரின் ருசியே மாறிப்போனது என்று அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மாட்டுக்குப் பெயர்போன காங்கேயம் சீமையில் மாடு வாய் வைக்காத தண்ணீர். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை அடுத்து அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2004-ல் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் என்று 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளை அடையாளம் கண்டது. விதித்த இழப்பீடு சுமார் 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் கீழே. ஒரு கிணறு வெட்டக்கூட அந்தக் காசு பத்தாது.

ஆறு பைசாவிலிருந்து பூட்டு வரை

ஆற்றுப் பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கழிவுநீரை வெளியேற்றாத நிலைக்கு வரச் சில மாத அவகாசம். அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 2007 ஜனவரியிலிருந்து 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10. சுத்திகரிப்பதைவிட இதைக் கட்டுவது மலிவு என்று கணக்குப் போட்டவர்கள் இருந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாய ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு மாறவில்லை: மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும், மூன்று மாதத்தில் கழிவு வெளியேற்றம் பூஜ்யமாக வேண்டும்.

மூன்று மாதம் போய் ஒரு வருஷமும் போனது. அவமதிப்பு மனு வந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவு. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன.

பஞ்சு விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போன மாதங்கள் அவை. நூல் விலை ஏற்கெனவே பனியன் கம்பெனிகளை நெரித்துக்கொண்டிருந்தது. இப்போது துணி பின்னினால் சாயமேற்ற ஊரில் ஆள் இல்லை. பெருந்துறை சிப்காட்டுக்குப் போனது கொஞ்சம், வடமாநிலங்களுக்கு லாரியேறியது கொஞ்சம். போகவர நாளும் வாடகையும் சேர்ந்து, ஷேடு சரியாக வராமல் திரும்ப அனுப்பியதும் சேர்ந்து, கப்பல் தேதி தவறிய ஆர்டர்கள் நிறைய. வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டினார்கள். இதே நேரத்தில் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இரவோடு இரவாக முளைத்த அனுமதியில்லாப் பட்டறைகளையும் சொல்லியாக வேண்டும். பிரச்சினையின் ஒரு பகுதி அடுத்த மாவட்டத்துக் கிணற்றுக்கு இடம் மாறிப் போனது.

கவனியுங்கள்: இத்தனை வருஷமும் இந்த ஊரில் துணி வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் பெயர் இந்த வழக்குகளில் எங்கும் இல்லை. அவர்கள் தரப்பும் இல்லை, அவர்கள் பணமும் இல்லை. பிராண்டுகள் விழித்துக்கொண்டது 2011 ஜூலையில், வேறு காரணத்துக்காக. சீனத்து ஆறுகளில் கலக்கும் சாய ரசாயனங்களைப் பற்றி கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அறிக்கை வெளியிட்டு, பெரிய விளையாட்டு உடை நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பிடித்தது. அதே வருஷக் கடைசியில் அடிடாஸ், நைக்கி, பூமா, ஹெச் அண்ட் எம் உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள் சேர்ந்து அபாயகரமான ரசாயனங்களை ஒழிக்கும் கூட்டுத் திட்டத்தை அறிவித்தன. நல்ல திட்டம்தான்; எந்த ரசாயனத்தைத் தொடவே கூடாது என்ற பட்டியல் இன்று திருப்பூர் சாய ஆலையின் ஸ்டோர் ரூம் வரை வந்திருக்கிறது. ஆனால் அதன் பிறப்பு வாடிக்கையாளர் முன்னால் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில். ஒரத்துப்பாளையத்து விவசாயிக்கு அப்படி மிரட்ட லண்டனில் கடை வாசல் இல்லை.

கழிவு எங்கே போகிறது

2011-க்குப் பிறகு நடந்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழக அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் புது முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றொன்றாக நிலையங்கள் திறந்தன. இப்போது 18 பொது நிலையங்களும், பெரிய ஆலைகளின் சொந்த நிலையங்களும் ஓடுகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். ஆலைகளிலிருந்து குழாயில் வரும் சாயத் தண்ணீரை முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்த்து ஒரே சீராக்குகிறார்கள். நுண்ணுயிர்த் தொட்டியில் கரிமக் கழிவு கரைகிறது. வடிகட்டிகள் தாண்டி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.; அதுவும் மூன்று நான்கு கட்டமாக. உள்ளே வந்ததில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு இங்கேயே நல்ல தண்ணீராகத் திரும்பி, குழாய் வழியே அதே ஆலைகளுக்குப் போகிறது. மிச்சம் இருப்பதுதான் தலைவலி: அடர்ந்த உப்புநீர். அதை ஆவியாக்கியில் ஏற்றிக் கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதுபோலச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். குளிர வைத்தால் சோடியம் சல்பேட் படிகமாக விழும். அதை மூட்டை பிடித்து மறுபடி சாயத்துக்கே கொடுக்கலாம். அருள்புரத்தில் வெற்றி பெற்ற யோசனை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சாயமேற்றத்தான் உப்புநீர் வேண்டுமே, பிறகு ஏன் எல்லாவற்றையும் காய்ச்சி உப்பாக்க வேண்டும், சுத்தம் செய்து உப்புநீராகவே ஆலைக்குத் திருப்பிக் கொடு என்றார்கள். செலவில் பெரிய துண்டு குறைந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பல உப்புகள் கலந்த, அழுக்குப் பழுப்பு நிறத்தில் ஈரம் கசியும் கலப்பு உப்பு. யாருக்கும் வேண்டாதது, அபாயகரக் கழிவு என்ற பட்டியலில் இருப்பது. நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைமேல் மூட்டையாக அது ஏறிக்கொண்டே போகிறது. "ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை" என்ற வரிக்கு இந்தக் கொட்டகைதான் அடிக்குறிப்பு.

இன்னொரு சிக்கல் புதிது. ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும். கொதிகலனில் விறகு எரிகிறது. மின்சாரமும் ஏராளம். இத்தனை நாள் தண்ணீரைப் பற்றிக் கேட்ட பிராண்டுகள் இப்போது கரியமில வாயுக் கணக்கைக் கேட்கின்றன. ஆற்றைக் காப்பாற்ற எரிக்கும் விறகு, அந்தக் கணக்கில் ஆலையின் பேரில் ஏறுகிறது. ஆற்றில் திறந்துவிடும் வேறொரு ஊர் ஆலைக்கு இந்தச் சுமை கிடையாது. காகிதத்தில் அது "குறைந்த கார்பன்" ஆலையாகக்கூடத் தெரியலாம். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை போட்ட நிறுவனங்கள் மின்சாரப் பகுதியைச் சரிக்கட்டிக்கொள்கின்றன. நீராவிக்குக் காற்றாலை உதவாது.

நாடு முழுக்க இதே விதி வந்தால் போட்டி சமமாகும் என்று திருப்பூர் எதிர்பார்த்தது. 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அப்படி ஒரு வரைவையும் வெளியிட்டது. 2016-ல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்தப் பொதுக் கட்டாயம் இல்லை.

இரண்டு ரூபாய்க் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆலைக்கு ஆலை, ஷேடுக்கு ஷேடு மாறும். ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்ற 50 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். லிட்டருக்குச் சுத்திகரிப்புச் செலவு 20 பைசா என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். ஒரு கிலோவில் ஐந்து டி-ஷர்ட் வரும். ஆக டி-ஷர்ட்டுக்கு இரண்டு ரூபாய். அந்த டி-ஷர்ட் ஐரோப்பியக் கடையில் பத்து யூரோவுக்கு விற்கிறது. வாங்குபவர் கண்ணுக்கே தெரியாத தொகை.

சாய ஆலைக்கு அது கண்ணுக்குத் தெரியாத தொகை இல்லை. அங்கே கிலோக் கணக்கில்தான் பிழைப்பு. திருப்பூரில் பெரும்பாலான சாய ஆலைகள் ஜாப் ஒர்க் செய்பவை: துணி எக்ஸ்போர்ட்டருடையது, சாயமேற்றிக் கொடுத்தால் கிலோவுக்குக் கூலி. கிலோவுக்குப் பத்து ரூபாய் என்பது அந்தக் கூலியில் லாபம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடிய தொகை.

ஒரு காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஆடையின் விலையைக் கணக்கிடும் செலவுப் பட்டியலை, எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், லேபிள், அட்டைப்பெட்டி என்று வரிசையாக இருக்கும். பிராண்ட் பெயர் போட்ட ஹேங்டேக் அட்டைக்குக்கூடத் தனி இடம் உண்டு. சுத்திகரிப்புக்கு இல்லை, சாயக் கூலிக்குள் மறைந்து கிடக்கும். மறைந்து கிடப்பதால்தான் பேரம் பேசும்போது முதலில் அது நசுங்குகிறது. பிராண்டின் சஸ்டெயினபிலிட்டிப் பிரிவு அனுப்பும் கேள்வித்தாளில் தண்ணீரைப் பற்றி டஜன் கணக்கில் கேள்வி. அதே பிராண்டின் கொள்முதல் பிரிவு அதே வாரத்தில் அனுப்பும் மின்னஞ்சலில், பங்களாதேஷில் இவ்வளவுக்குத் தருகிறார்கள், நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள் என்பது ஒரே கேள்வி. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

கையெழுத்துப் போட்டவர்கள்

வாங்குபவரைச் செலவில் பங்கெடுக்க வைக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. முடிந்திருக்கிறது, தண்ணீரில் இல்லை, தொழிலாளர் பாதுகாப்பில்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆய்வு செய்வதோடு நிற்கவில்லை. கட்டடத்தைச் சரிசெய்யத் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும்படி விலையையும் கொள்முதலையும் பேசி முடிப்பது பிராண்டின் கடமை என்று அதிலேயே எழுதினார்கள். அது எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு விவாதம். வாக்கியம் காகிதத்தில் இருந்தது, கையெழுத்தும் இருந்தது.

தமிழ்நாட்டிலேயே இன்னொன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையின் உரிமையாளரான திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் ஒரு பக்கம். ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். நிறுவனங்களும் இதில் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டன. ஆலையில் பாலியல் தொல்லையும் சாதிப் பாகுபாடும் இருக்கக் கூடாது, மீறினால் வாங்குபவரே வணிகரீதியில் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்கும் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பது வேறு.

தண்ணீருக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் இதுவரை இல்லை. இருக்க முடியாத காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் அறுபது ஆலைகள் உறுப்பினர் என்றால், அவற்றில் துணி சாயமேற்றும் பத்துப் பன்னிரண்டு பிராண்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட முடியும். லிட்டர் கணக்கு மீட்டரிலேயே இருக்கிறது. எந்த ஆர்டருக்கு எத்தனை கிலோ, எந்த ஷேடு என்பது பில்லில் இருக்கிறது. பிராண்டுகள் கேட்கும் அத்தனை ஆவணத்தையும் தயாரிக்கத் தெரிந்த ஊருக்கு, பிராண்டின் பங்கு எவ்வளவு என்று ஓர் ஆவணம் தயாரிப்பது கஷ்டமில்லை.

சரக்கு தரும் ஆலைகளில் நடப்பதற்கும் வாங்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் ஐரோப்பியச் சட்டங்கள் இந்த இடத்தில் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை சில வருஷம் இருந்தது. ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெருநிறுவனப் பொறுப்புச் சட்டம் 2024-ல் நிறைவேறியது. 2025-ல் அதன் அமலாக்கத் தேதியைத் தள்ளிவைத்து, யார் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சுருக்கும் வேலையில் இறங்கிவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் சுமையில் பாதியை நீ ஏற்றுக்கொள் என்று பையர்கள், அதாவது வாங்கும் நிறுவனங்கள், திருப்பூரைத்தான் கேட்டார்கள். சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊர் என்று 2024-25 கணக்கைக் காட்டிப் பெருமைப்பட்ட சில மாதத்தில் இது.

பையரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவது நியாயமாகாது. உள்ளூர் எக்ஸ்போர்ட்டர் தன் சாய ஆலைக்குச் செய்வதும் ஏறக்குறைய இதேதான்: கூலியில் பேரம், பில்லுக்கு மூன்று நான்கு மாதக் கடன், ஷேடு கொஞ்சம் தவறினால் பிடித்தம். இணையதளத்தில் "ஒரு சொட்டுகூட" என்ற வாசகத்தைப் போட்டுக்கொள்வது அவர்; அந்தச் சொட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது ஜாப் ஒர்க் ஆலைக்காரர். காஸ்டிங் ஷீட்டில் சுத்திகரிப்புக்கு என்று ஒரு தனி இனம் சேர்த்து, அதில் பேரம் இல்லை என்று ஏற்றுமதியாளர் சங்கமும் சாய ஆலை உரிமையாளர் சங்கமும் சேர்ந்து முடிவெடுத்தால், அந்த ஷீட் பையர் மேசைக்குப் போகும்போது கேள்வி அவர் பக்கம் திரும்பும். சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. இரண்டு சங்கங்களும் கூலி உயர்வுக்காக உட்கார்ந்து பேசுவது வழக்கம்தான். அடுத்த பேச்சில் இதையும் எடுக்கலாம்.